அறுபது நொடிச் சட்டை

இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நம்புராணி எண்ணிக்கொண்டிருந்தது தீபக் சாரின் குரலில். சொந்தக் குரலில் எண்ணினால் எண்ணிக்கை அவளுக்கு நிற்காது, வழியில் எங்காவது இறங்கிப் போய்விடும். தீபக் சார் குரல் என்றால் கொஞ்ச தூரம் கூட வரும். இருபத்திமூணு ஓகேவா அக்கா, இருபத்திநாலு ஓகேவா அக்கா. சென்னையிலிருந்து வந்து பாம்பன் கரையில் நான்கு நாள் உட்கார்ந்து பாசி எடுக்கிற பெண்களுக்கெல்லாம் பாடம் நடத்திய பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது, மூக்கு நுனி வெயிலில் உரிந்துபோய், பிறந்ததிலிருந்து உப்புத்தண்ணீரில் ஊறிக்கிடக்கிறவர்களுக்கு மூச்சை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தது. ரூல் ஒண்ணுதான் அக்கா, ஒருத்தர் உள்ளே போனா ஒருத்தர் மேலே, மேலே இருக்கறவங்க பாசி எடுக்கக் கூடாது, பேசக் கூடாது, வேற பக்கம் பாக்கக் கூடாது, எண்ணணும், எண்ணிக்கிட்டே இருக்கணும், சிம்பிள். சிம்பிளாம். கீழே இரண்டாள் ஆழத்தில் அவளுடைய நாத்தனார் பூங்கோதை மதினி பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டில் ஒட்டிக்கிடக்கிற பாசியை இரண்டு கையாலும் பிய்த்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டிருப்பாள், மேலே இவள் ஒரு லாரி டியூபைக் கட்டிக்கொண்டு, அதன் வால்வு விலாவில் குத்த, சும்மா மிதந்துகொண்டிருக்கிறாள். விடிந்ததிலிருந்து பாதிப் பொழுது சும்மாதான். பழைய மாதிரி எல்லோரும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறுகிற காலமென்றால் இந்நேரம் பை கழுத்துவரை வந்திருக்கும், இப்போது அடியில் ஒரு கைப்பிடி, அதிலும் பாதி குப்பைப் பாசி. இருபத்தியெட்டா, இருபத்தியொன்பதா. கண்ணாடி வேறு உள்ளே புகைந்துவிட்டது. கழற்றி எச்சில் துப்பித் தேய்த்து மாட்டினால் மூன்று எண் போய்விடும், மாட்டாவிட்டால் எதுவும் தெரியாது, மாட்டினாலும் தெரியப்போவதில்லை, மூன்று நாளாக அடிக்கிற கொண்டல் காற்றில் கடல் கழுநீர்த் தொட்டி மாதிரி கலங்கிக்கிடக்கிறது, குனிந்தால் தன் வயிறே தெரியவில்லை. முப்பது என்று வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வோம் என்பதெல்லாம் கூடாது அக்கா. சரி சார், வைத்துக்கொள்ளவில்லை சார், முப்பது, ஓகேவா.

எல்லாம் இந்தச் சட்டையால் வந்தது. சட்டை என்று பேர், கை கிடையாது, காலர் மட்டும் பெரிதாக, கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை, அதற்குள் மடித்துவைத்த ஆரஞ்சுப் பலூன், நெஞ்சில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குப்பி, குப்பிக்குள் அழுத்தி அடைத்த காற்று. பக்கத்தில் கைக்கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். தலை தண்ணீருக்குள் போனதும் அது தானாக எண்ணத் தொடங்கும், அறுபது நொடிக்குள் தலை மேலே வராவிட்டால் ஒரு சின்னக் கொக்கி டப்பென்று இறங்கிக் குப்பியைக் குத்தும், பலூன் ஊதும், ஆள் நினைவில்லாமல் கிடந்தாலும் வாயும் மூக்கும் வானத்தைப் பார்க்கிற மாதிரி மேலே கொண்டுவந்து போட்டுவிடும். நல்ல சட்டைதான், யார் இல்லை என்றது. ஆனால் மதினியின் மூச்சு எண்பது. எண்பது மூச்சுக்காரிக்கு அறுபது சட்டை. நல்ல பாசி கண்ணில் படுவதே ஐம்பத்தைந்தில்தான், அங்கே கை வைத்துப் பிய்க்கும்போது சனியன் ஊதிக்கொள்ளும். எண்பதாக்கித் தாங்க சார் என்று கேட்டதற்கு, செட்டிங் ஆபீஸ்ல லாக் பண்ணிருக்காங்க அக்கா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது அக்கா. ஆபீஸ் எந்தக் கடலில் முங்குகிறதோ. முப்பத்தாறு. இல்லை, முப்பத்தாறு அப்போதே வந்துவிட்டது. இதில் பெரிய வயிற்றெரிச்சல், இந்தச் சட்டையைக் கேட்டு வாங்கியதே மதினிதான். போன ஆடியில் சண்முகக்கனி போனாள் இல்லையா, அப்புறம். ஒரே வல்லத்துப் படகில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் முங்கி எழும்பிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொருத்தியும் அவள் அந்தப் பக்கம் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள், அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. கீழே போய்த் தூக்கிவந்தது பூங்கோதை மதினி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து சேலையும் அரிசியும் வைத்துக்கொண்டு நின்றபோது, மதினி கூட்டத்தில் எழுந்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்தக் கரகரத்த குரலில், செத்ததுக்கப்பறம் குடுக்க ஆயிரம் பேரு இருக்காக, உசுரோட மேல வாரதுக்கு ஒண்ணு குடுங்கய்யா பாப்போம் என்று கேட்டாள். அந்தக் குரலும் நம்புராணிக்கு அச்சாக வரும். வரக்கூடாததெல்லாம் வரும்.

நாற்பது. நாற்பது என்று முடிவு. இனி கண்டக்டர் குரலில் போகலாம், கண்டக்டர் தடுமாறமாட்டார், நாப்பத்தொண்ணு உள்ள போ உள்ள போ, நாப்பத்திரெண்டு படியில நிக்காத, நாப்பத்திமூணு. போன வாரம் பூங்கோதை மதினி ஊதிக்கொண்டு மேலே வந்தபோது சுற்றி ஐந்து வல்லம் நின்றது. காலர் இரண்டு கன்னத்தையும் நெருக்கி, உதடு கூம்பி, கண் பிதுங்கி, கை இரண்டும் விரிந்து, குப்புறத் திரும்பவும் முடியாமல் மல்லாக்கப் படுத்தே கிடந்தாள், பேத்தை மீனைக் கரையில் போட்டால் வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்குமே அப்படி. அரைநாள் பாசி இருந்த பை இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு அடியில் போனது. ஆம்பளைகள் சிரித்தார்கள். அது அங்கேயே முடிந்திருக்கும். சாயங்காலம் குழாயடியில் ஐந்தாறு பேர் கூடியதும் நம்புராணிக்கு வாய் அரித்தது, அவள் முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கன்னத்தை ஊதி, கையை விரித்து, ஏ... ஆளு யாராச்சும் வாங்களேன்... என்னயத் திருப்பிப் போடுங்களேன்... என்று காலர் நெரித்த குரலில் இழுத்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றபோது திரும்பிப் பார்த்தாள், பின்னால் மதினி, கையில் ஒன்று இடுப்பில் ஒன்று இரண்டு குடம். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அந்தத் திட்டையும் நாளைக்குச் செய்துகாட்டியிருக்கலாம். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து தெருவில் சின்னதுகள்கூட மதினியைப் பார்த்தால் கன்னத்தை ஊதின. நாற்பத்தி, நாற்பத்தி என்ன, கண்டக்டர் எங்கே இறங்கினார்.

இன்று காலை வல்லத்தில் ஏறி உட்கார்ந்ததும் மதினி நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள். "கட்டுடி." "எத மதினி?" "அந்தக் கொக்கியத்தான். நரம்பு போட்டு இறுக்கு." "சார் பாத்தா?" "சாரு நாம தெனம் அனுப்புற போட்டோவத்தான பாப்பாரு. சட்ட மேல கெடந்தா போதும். அப்பிடிக் கேட்டா, ஒனக்கென்ன, சார் குரல்லயே சாருக்குப் பதில் சொல்லு. ஒனக்குத் தெரியாத குரலா?" இதைச் சொல்லும்போது மதினி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னாள். நம்புராணி தூண்டில் நரம்பை எடுத்து அந்தக் கொக்கி அசையாதபடி பதின்மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தாள். ஏழு சுற்று போதும். பதின்மூன்று சுற்றியது, எப்படிச் சொல்ல, மன்னிப்புக் கேட்பதுபோல. வாயால் கேட்டால் யார் குரலில் கேட்பது என்று தெரியாமல் நரம்பால் கேட்டாள். "ஒன்னுதும் கட்டிக்க. ஒருத்தி கட்டி ஒருத்தி கட்டாம இருந்தா போட்டோவுல தெரியும்." நம்புராணி முதுகைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் கையை அசைத்தாள். பிறகு, கட்டிட்டேன் மதினி என்றாள். வல்லக்காரர் உடையப்பன் பின்னாலிருந்து, "ரெண்டு பொம்பளையும் என்னடி பண்றீங்க, தாலியா கட்டிக்கிறீங்க?" என்று கேட்டார், மதினியே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புராணி நினைத்தாள். ஐம்பது இருக்கும். அறுபதே இருக்கும். எண்பது மூச்சுக்காரிக்கு அறுபது ஒன்றுமில்லை.

ஆனால் இறங்குவதற்கு முன்னால் மதினி உஸ் உஸ் என்று வேகவேகமாகப் பதினைந்து தடவை மூச்சை இழுத்து விட்டாளே. அது வேண்டாம் அக்கா, கெஞ்சிக் கேக்கறேன் அக்கா, அப்படி இழுத்தா உடம்பு மூச்சு முட்டுதுன்னு சொல்லாது, ஹார்ன் வயரை அறுத்துட்டு பஸ் ஓட்டற மாதிரி, திடீர்னு லைட் ஆஃப் ஆயிடும். நாங்க எங்க அம்மா காலத்துலருந்து இப்பிடித்தான் இழுக்கோம் என்று சொன்னது யார், மதினிதான், மதினி குரல், கரகரப்பு. இப்போது இழுக்கும்போது நம்புராணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ என்ன எனக்குச் சாரா என்பாள், அதுவும் இன்றைக்கு. பாசி பிய்க்க விரலில் சுற்றியிருந்த துணி நனைந்து விரலை நெரிக்கிறது. தொடையில் ஏதோ சுரீரென்றது, சொறிமீன், இந்தக் கலங்கலில் சொறிக்கு மட்டும் கண் தெரிகிறது. எண்ணு. எதிலிருந்து எண்ண. எழுபதிலிருந்து எண்ணினால் பயமாக இருக்கிறது, ஐம்பதிலிருந்து எண்ணினால் பொய்யாக இருக்கிறது, நடுவில் அறுபதிலிருந்து தொடங்கினால், அறுபத்தொண்ணு, அறுபது தாண்டினால் சட்டை ஊதியிருக்க வேண்டும், ஊதவில்லையென்றால் அறுபது தாண்டவில்லை, அப்பாடா. அப்பாடா என்ற அதே மூச்சில் அவளுக்குப் பதின்மூன்று சுற்றும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஊதாது. அது ஊதவே ஊதாது. இறுக்கி முடிந்து, முடிச்சு உருவாமல் இருக்கப் பல்லால் கடித்து இழுத்தது அவள்தான். நீங்கள் தொடர்புகொள்ள விரும்பும் நபர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார். சீ, வாயை மூடு. சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும். மூடுடி வாயை.

"அண்ணே! மதினி அந்தப் பக்கம் வந்துருச்சா?" உடையப்பன் வல்லத்தில் நின்று தகரத்தால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம்?" "ஒங்க பக்கந்தாண்ணே!" "இங்கன யாருமில்ல. ஒம் பக்கம் பாரு." "எம் பக்கம் இல்லண்ணே!" "போ புள்ள. போன வாரந்தான் சுறா சுறான்னு ஏம் மச்சான் குரல்ல கத்தி என்னயத் தண்ணிக்குள்ள தள்ளுன. இன்னிக்கு எனக்கு இடுப்பு வலி." கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினாள், ஒரு நீளம், இரண்டு குட்டை, சார் சொன்னபடியே. "ஊதாத, காதக் குடையுது," என்றார் உடையப்பன், இறைப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் வந்துருச்சா. அவள்தான் கேட்டாள். ஆடியில் ஒன்பது பேரும் கேட்டதை அவளும் கேட்டுவிட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் பத்து எண் போகும், யாரும் எதுவும் எண்ணாமல் பத்து எண் போகும். குமிழி ஒன்றாவது வருகிறதா. வந்தது, ஒரு வரிசை, சின்னதாக, நான்கைந்து, கைக்கு எட்டுகிற தூரத்தில், அப்புறம் ஒன்றுமில்லை. அவளுக்குக் கீழே போகப் பயமாக இருந்தது. இதுதான் உள்ளதிலேயே கீழே கிடந்தது, காலையிலிருந்து அவள் எதை எதையோ எண்ணி இதன் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். சண்முகக்கனியின் காலைக் கரையில் பார்த்ததிலிருந்து, விரலிடுக்கில் மணல் அப்படியே இருந்ததைப் பார்த்ததிலிருந்து, ஒவ்வொரு முறை தலையை அமுக்கும்போதும் அவளுக்கு அந்த மணல்தான் கண்ணில் நிற்கிறது, அதனால்தான் நாற்பதிலேயே ஏறிவிடுகிறாள், அதனால்தான் பை காலி, எண்ணுகிற வேலையால் அல்ல. அதனால்தான் முதுகைத் திருப்பிக்கொண்டு வெறும் கையை அசைத்தாள். அவளுடைய கொக்கியில் நரம்பு இல்லை. மதினியுடையதில் பதின்மூன்று, தன்னுடையதில் ஒன்றுகூட இல்லை.

டியூபை விட்டாள். மூச்சு சரியாகக்கூட இழுக்கவில்லை, பாதி காற்றும் பாதி உப்புமாகத்தான் உள்ளே போனாள். பச்சை, அப்புறம் பழுப்பு, அப்புறம் நிறமே இல்லை. காது குத்தியது. கையை முன்னால் நீட்டித் துழாவினாள், பார், பாரின் விளிம்பு, வழுவழுவென்று பாசி, எவ்வளவு பாசி, இவ்வளவு பாசியா இங்கே இருந்தது, இந்த நேரத்திலும் மனது பாசியைப் பார்க்கிறதே. துணி. துணிக்குள் தோள். மதினி குப்புறக் கிடந்தாள், அவள் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டை முதுகில் காற்றில் ஆடுவதுபோல ஆடியது. கையைப் பிடித்தாள், கை திருப்பிப் பிடிக்கவில்லை. இடுப்புப் பை நிறைந்து கல்லாகக் கனத்தது, பாரின் பொந்தில் போய் உட்கார்ந்திருந்தது. அது உருவு முடிச்சு, ஒரே இழுப்பில் வர வேண்டும், இரண்டாவது இழுப்பில் வந்தது, பை போனது, மதினி கிடந்தபடியே கிடந்தாள். தூக்கினாள். காலை உதைத்தாள். நீரோட்டம் இருவரையும் பக்கவாட்டில் தள்ளியது, மேலே என்று எதுவும் நகரவில்லை. அப்போது அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கொக்கியை விடுவித்தால் மதினி தானாகப் போய்விடுவாள். நரம்பைத் தேடிப் பிடித்தாள். துணி சுற்றிய விரலால் முடிச்சு பிடிபடவில்லை. துணியை உருவி எறிந்துவிட்டு ஆள்காட்டி விரலைச் சுற்றுகளுக்குள் நுழைத்து நெம்பினாள். ஒரு சுற்று நகர்ந்தது, மற்றப் பன்னிரண்டும் விரலின் மேல் ஏறி இறுகின. நெஞ்சு உள்ளே உதைத்தது, ஒரு தடவை, இரண்டு தடவை. மேலே போய் மூச்சு எடுத்துவரலாம் என்று விரலை இழுத்தாள், விரல் வரவில்லை. மறுபடி இழுத்தாள். வரவில்லை. யாருடைய குரலும் இல்லை, காதுக்குள் இரைச்சல் மட்டும். கட்டினது நான்தானே என்று ஒரு நினைப்பு, கோபம்கூட இல்லை, சலிப்பு, ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்தாயா என்று அம்மா கேட்பாளே, இதை மட்டும் எவ்வளவு உருப்படியாகச் செய்திருக்கிறேன் பார். வாயைத் திறந்துவிடலாம் போல இருந்தது. அவள் நெஞ்சில் டப்பென்றது.

யாரோ பிடரியைப் பிடித்துத் தூக்குவதுபோல இருந்தது. காலர் கன்னத்தை நெரித்தது, உதடு கூம்பியது, நரம்பு விரலில் எலும்புவரை இறங்கியது, அந்த விரலில் தொங்கிக்கொண்டு மதினியும் வந்தாள். பழுப்பு, பச்சை, அப்புறம் சூரியன் நேராகக் கண்ணில் விழுந்தது. மல்லாக்கக் கிடந்தபடியே மதினியை நெஞ்சின் மேல் இழுத்துப் போட்டாள். "அண்ணே!" என்று கத்தியது என்ன குரலோ, உடையப்பன் தகரத்தைப் போட்டுவிட்டு எஞ்சினுக்குப் பாய்ந்தார், குரலைக் கேட்டதாலா, தண்ணீரில் ஊதிக்கிடந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்ததாலா, தெரியாது. மதினியின் கண்ணாடியைப் பிய்த்து எறிந்தாள். உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி இருந்தது. தட்டணும் அக்கா, ஊதணும் அக்கா, பேர் சொல்லிக் கூப்பிடணும். கன்னத்தில் தட்டினாள், அது அறையாகவே விழுந்தது. கண்ணிமையின் மேல் ஊதினாள். "மதினி. பூங்கோத மதினி. மூச்சு விடு. விடு மதினி. ஏ பூங்கோத, விடுடி!" ஆயுசில் முதல் தடவையாக நாத்தனாரைப் பேர் சொல்லி, டி போட்டுக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை. இன்னொரு அறை. அதற்குப் பிறகு மதினியின் வயிறு ஒரு முறை துள்ளியது, விக்கலா கேவலா தெரியாத ஒரு சத்தம் வந்தது, வாயிலிருந்து கடல் வழிந்து நம்புராணியின் கழுத்தில் சூடாக ஓடியது, அப்புறம் மூச்சு, கரகரவென்று, மறுபடியும் மூச்சு.

வல்லம் வந்துகொண்டிருந்தது. மதினி கண்ணைத் திறந்தாள். பிறகு தன் கன்னத்துக்கு அடியில் ஊதி நிற்கிற பலூனைக் கையால் தடவினாள், அழுத்திப் பார்த்தாள். கை அங்கிருந்து தன் நெஞ்சுக்குப் போனது. அங்கே சட்டை தட்டையாக இருந்தது.

"ஒன்னுது கட்டலையா?"

கட்டுனது அவுந்துருச்சு மதினி. நாக்கு நுனியில் தயாராக இருந்தது, நல்ல குரலில் வந்திருக்கும், நம்பியும் இருப்பாள்.

"கட்டல."

"கட்டிட்டேன்னு சொன்ன."

"பயமா இருந்துச்சு மதினி."

மதினி இருமினாள். இருமி முடித்து, தலையை மறுபடி அந்தப் பலூனின் மேலேயே சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்காதாடி?"

உடையப்பன் வல்லத்திலிருந்து குனிந்து மதினியின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினார். பாதி வந்தவள் நின்றுவிட்டாள். "விடு புள்ள, ஆளத் தூக்கணும், ஏன் புடிச்சுக்கிட்டு இருக்க?" என்று அதட்டினார். நம்புராணி பிடித்துக்கொண்டிருக்கவில்லை. விரல் இன்னும் அந்த நரம்புக்குள்தான் இருந்தது.